ஒருவர்க்கு ஏற்றும் உலை

சிவமயம்

ஒருவர் மட்டுமே வாழும் இல்லத்தில், அவ்வொருவர் தம்பொருட்டு உலையேற்றி, உடற்கு ஒத்த உணவை ஒழுங்காக ஆக்கி உண்டல் அறத்தின் பாற்படுமோ, அன்றித் தேகாபிமானத்தின் பாற்படுமோ என்பதே ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். இஃது அடுக்களை வினாவாதலின் சித்தாந்த ஆராய்ச்சிக்கு இயைபின்றென அன்பர் சிலர் கருதுதல் கூடும். உண்டியும் உடம்பும் உயிரும் தம்முள் இயைந்து நிற்கும் முறைமையை விடுத்துப் பசுவிலக்கணம் முற்றுப்பெறாமையின், அங்ஙனம் கருதற்க. அன்றியும், இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து எழுந்ததன்று. ஆம்பூரில் எம் இல்லத்துத் திண்ணையிலே எழுந்தது.

ஞாயிறுதோறும் மாலையில் அன்பர் சிலர் ஆண்டுக் கூடுவர். யாம் பெரியபுராணத்துக்குப் பொருள் கூறுவோம். வருவாருட் பெரும்பாலார் இவ்வூர்த் தோற்றொழிலைச் சார்ந்து வாழ்பவர். அவருள் ஒருவர் ஐம்பது அகவை கடந்த அம்மையார், காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் பணியினர், கணவரை இழந்தவர், ஒரே மகளை மணஞ்செய்து வெளியூர்க்கு விடுத்தவர். இளையான்குடிமாற நாயனார் புராணம் நிகழ்ந்த அன்று, நள்ளிரவில் மழைக்கிடையே வந்த அடியார்க்கு அமுதூட்ட வேண்டி, நாயனார் விதைத்த நெல்லை வயலினின்றும் வாரிக்கொணர்ந்ததும், விறகின்மையால் கூரை வரிச்சுகளை அறுத்திட்டதும், முற்றாத கீரையைப் பறித்து வந்ததும், அவர் மனைவியார் அக்கீரை ஒன்றையே பலவகைக் கறியாகச் சமைத்ததும் எடுத்துரைத்தோம். கேட்டிருந்த அவ்வம்மையார், “ஐயா, அந்த அம்மாள் வந்தவருக்காகச் சமைத்தார்கள். என் வீட்டில் நான் ஒருத்திதானே! ஒருத்திக்காக அடுப்பு மூட்டுவானேன்? காலையில் தேநீரும் பன்னும், இரவில் மிச்சச் சோறும் ஊறுகாயும் போதாவா?” என்று வினவினார்.

யாம் சிறிதும் தாழாது, “அம்மா, உடம்பு இறைவன் வாழும் கோயில், அதனைப் பேணாமை குற்றம்” என்றோம். அவர் அதனை மறுத்திலர். சிறிது நேரம் வாளாவிருந்து, “ஐயா வீட்டில் இன்று என்ன சமையல்?” என்று மட்டும் கேட்டார்.

அவ்வினாவுக்கு எம்பால் விடையில்லை. எம் மனைவியார் சிவபதம் எய்தி அப்பொழுது நான்கு யாண்டுகள் கழிந்திருந்தன. அவர் இருந்த நாளில் எம் ஆன்மார்த்த பூசைக்கு நாடோறும் சுத்தான்னம் நிவேதனமாகும். அவர் சென்றபின், “ஒருவனுக்காக ஏன்” என்னும் அதே நினைவால் யாமும் அடுப்பை அடைத்தோம். நிவேதனத்துக்குக் கற்கண்டு இரண்டு. எமக்கு ஒருபொழுது சோறு, மோர், ஊறுகாய், சுட்ட அப்பளம். இதனை யாம் குறைவென எண்ணவில்லை. சுருக்கம், பற்றறுதி, ஏறக்குறையத் துறவு என்றே எண்ணியிருந்தோம். அவ்வம்மையார் வினவிய சின்னாளில், பூசையிலிருந்து எழுங்கால் தலைசுழன்று வீழ்ந்தோம். மருத்துவமனையில் எம்மைச் சோதித்த இளமருத்துவர் முதற்கண் கேட்டதும் அதே வினாவே: “ஐயா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?” குருதியழுத்தம் மிக்கிருந்தது, குருதியின் வலியோ குறைந்திருந்தது. யாம் துறவெனக் கொண்டிருந்தது உப்பும் சோம்பலும் கூடிய கலவையென்பது ஆண்டுப் புலனாயிற்று. ஆதலின் இதன்கண் யாம் கூறுவன பிறர்க்குரைக்கும் அறவுரை ஆகா. எமக்குள் நிகழ்ந்த வழக்கின் தீர்ப்பு எனக் கொள்க.

இனி, தடைகளை நிரலே வைத்து விடை காண்பாம்.

முதற்றடை வருமாறு: தனித்துண்டலை நம் நூல்கள் யாண்டும் பழிக்கின்றன. தன்பொருட்டே சமைப்பான் பாவத்தையே உண்கின்றான் என்பது கீதையின் கருத்து. தேவர் உணவே கிட்டினும் தாமே உண்டு மகிழாத சான்றோர் இருத்தலானே உலகம் நிலைபெறுகின்றது என்பது புறநானூற்றில் பாண்டியன் ஒருவன் பாட்டின் கருத்து. திருவள்ளுவரும் ஈகையதிகாரத்தில் தமியராய் உண்டலை இரத்தலினும் கொடிதாகக் கொள்வர். இவ்வாறாகலின், ஒருவர்க்கென அடுப்பு மூட்டலே பழியுடைத்து. மூட்டாமையே நன்று என்பது.

இதற்கு விடை: இந்நூல்கள் பழித்தது பகுத்துண்ணற்கு வாய்ப்பிருந்தும் மறைத்து உண்ணும் உலோபத்தை. உண்பார் ஒருவரே எஞ்சிய இல்லத்தின் வறுமையை அவை பழித்தில. உலோபியின் தனிமை அவன் ஆக்கிக்கொண்டது. கைம்மை உற்றாரது தனிமை அவர்மேல் வந்து வீழ்ந்தது. இரண்டனையும் ஒன்றாக்குதல் சொல்லொப்புமை கண்டு பொருளொப்புமை கொள்ளும் வழுவாம். மேலும், அடுப்பு மூட்டாதார் உண்ணாதிருத்தலும் இல்லை. கடையிற் பன் வாங்கி உண்பாரும் தனித்தே உண்கின்றார். அடுப்பு மூட்டினார்க்கோ விருந்தினர் ஒருவர் வரின் பகுத்தளிக்க யாதானும் ஒன்று உண்டு. மூட்டாத இல்லத்தில் அதுவும் இல்லை. ஆகவே, விருந்தோம்பல் என்னும் அறத்துக்கு வாயில் திறந்து வைத்தலும் தனித்தார் உலையேற்றலின்கண் அடங்கும்.

இரண்டாந்தடை வருமாறு: பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்தன எனச் சிவஞானசித்தியார் கூறும். பிணி ஊழின்வழி வருவதாயின், கீரையும் பருப்பும் அதனை என் செய்யும்? ஒத்த உணவு உண்டாரும் நோயுறுகின்றார்; ஒவ்வாதன உண்டாருட் சிலர் நெடிது வாழ்கின்றார். ஆதலின் உணவாராய்ச்சி வீண் என்பது.

இதற்கு விடை பரிமேலழகர் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்துக்கு வகுத்த முன்னுரையிலேயே உளது. பிணி பழவினையானும் வரும், பிற காரணங்களானும் வரும். பழவினையான் வருவன அவ்வினை கழிந்தாலன்றித் தீராமையின் அவற்றை ஒழித்து, ஏனைக் காரணங்களான் வருவனவற்றின் மருந்தையே வள்ளுவர் கூறுகின்றார் என்பதும், அக்காரணங்களாவன உணவும் செயலும் ஒவ்வாமையே என்பதும் அவர் கருத்து. இதனைச் சித்தியார் கொள்கையோடு முரணாதவாறு பொருத்துமாறு யாங்ஙனமெனின், கூறுதும். தமக்கு உற்ற பிணி ஊழான் உற்றதோ, ஒவ்வாவுணவான் உற்றதோ என முன்னரே பிரித்தறிதற்கு நம்மனோர்க்குக் கருவியில்லை. அறியப்படாதவிடத்து முயறலே கடன். முயன்றும் வந்துற்றதைப் பிராரத்தம் எனப் பொறுத்தல் அடியார் இயல்பு. முயலாது வருவித்துக்கொண்டதைப் பிராரத்தத்தின்மேல் ஏற்றுதல், வினைப்பயனை ஊட்டும் இறைவன்மேலேயே பழி சுமத்துதலாய் முடியும். பேறும் இழவும் ஊழான் அமைந்தன என்று கருதித் தொழிற்சாலைக்குச் செல்லாது வீட்டில் இருப்பார் ஒருவரும் இலர். கூலிக்கு முயல்வார் உடற்கு மட்டும் ஊழைச் சான்றாக்குதல் நடுவுநிலைமை அன்று. மேலும், நுகர்ச்சி ஊழின் பாலதாயினும், நுகருங்கால் நாம் செய்யும் செயலின்வழி ஏறுவது ஆகாமியம். அறிந்தும் உடலைச் சிதைத்தல் அவ்வாகாமியத்துள் ஒன்றாகாதோ?

மூன்றாந்தடையே வலிதாயது. யாக்கை நிலையாதது, ஊனும் என்பும் நிறைந்த தோற்பை, அதனை ஓம்பி வளர்த்தல் பாசத்தை வளர்த்தலே, நிலையாமையை அத்துணை வற்புறுத்திய அருளாளர் மரபினர் சோற்றின் ஒப்புரவைப் பேசல் தகுமோ என்பது.

இதற்கு விடை கூறுமுன், தோற்பை என்னும் சொல்லையே இவ்வூர் மக்கள் பார்வையில் வைத்துப் பார்ப்போம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்களில் தோலின் இயல்பைக் குழந்தையும் அறியும். பச்சைத்தோலை அப்படியே விடுத்தால் அழுகும். வெயிலில் எறிந்தால் வெடிக்கும். பதமறிந்து கையாண்டால் நெடுநாள் பயன்படும். தோற்பையென்று இகழ்ந்தவரும் பை பயனற்றதென்று கூறிற்றிலர். பையையே பொருளென மயங்கற்க என்றே கூறினர். பையினுள் இருக்கும் பொருளை உரிய இடத்திற் சேர்க்குங்காறும் பை கிழியாதிருத்தல் வேண்டுமன்றோ?

சித்தாந்தம் கூறும் முறையும் இதுவே. ஆணவத்தால் மறைப்புண்டு அறிவு விளங்காது கிடந்த உயிர்க்கு, இறைவன் தன் பெருங்கருணையால் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைக் கூட்டுகின்றான். இவை விடியுமளவும் இருளில் உதவும் விளக்குப் போல்வன. ஞாயிறு எழுந்தபின் விளக்கு வேண்டா என்பது மெய். எழுமுன்னரே நெய் வார்க்காது அணைய விடுவாரை ஞானியர் என்னலாமோ? திருமூலநாயனார் தாமே முன்னர் உடம்பை இழிவெனக் கருதியிருந்து, பின்னர் அதனுள்ளே இறைவன் இருத்தலைக் கண்டு, அதனைப் பேணுவாராயினமையைத் திருமந்திரத்தில் உரைத்துள்ளார். நிலையாமையுணர்வும் உடல் பேணலும் ஒருவர்பாலே ஒருங்கு நிற்றற்கு இதனினும் சான்று வேண்டா.

அற்றேல், பேணலுக்கும் அபிமானத்துக்கும் எல்லை யாதெனின், உணவு ஆக்குவாரை மூவகையாகப் பகுத்து அவ்வெல்லை காணலாம். நாவிற்கு ஆக்குவார் முதல்வகையினர். அவர்க்கு அளவு என்பது இல்லை. உடற்கு ஆக்குவார் இரண்டாம் வகையினர். அவர்க்கு அளவு உண்டு, ஆயினும் உடல் தமதென்னும் எண்ணம் நீங்கவில்லை. உடலை அளித்தானுக்கு ஆக்குவார் மூன்றாம் வகையினர். அவர்க்கு அளவும் உண்டு, தமதென்னும் எண்ணமும் இல்லை. இம்மூவகையினுள்ளும் அடங்காது, யார்பொருட்டும் ஆக்காதார் ஒருசாரார் உளர். யாம் நான்கு யாண்டுகள் அவ்வொருசாரிலேயே இருந்தோம்; மூன்றாம் வகைக்கு மேற்பட்டதொரு நிலையில் இருப்பதாக மயங்கியும் இருந்தோம்.

விரதத்துக்கும் சோம்பலுக்கும் புறத்தோற்றம் ஒன்றே. இரண்டிடத்தும் வயிறு வெறுமையே. பிரதோடத்தன்று உண்ணாதிருப்பார் ஒரு பொழுதைக் குறித்து, ஒரு வழிபாட்டைக் குறித்து விடுக்கின்றார். பின்னர் முறைப்படி பாரணம் செய்கின்றார். சோம்பலால் உண்ணாதார்க்குக் குறித்த பொழுதும் இல்லை, பாரணமும் இல்லை. விரதத்தில் மனம் தெளியும், சோம்பலில் மங்கும். தம்பால் நிகழ்வது இரண்டனுள் எது என ஒவ்வொருவரும் தம் மனத்தின் நிலைகொண்டே துணிதல் கூடும்.

இனி, யாம் அம்மருத்துவமனைக்குச் சென்றுவந்த நாட்களிற் கண்டதொன்றும் கூறற்பாற்று. 1900-இல் ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1918-இல் மருத்துவப்பள்ளியும் பெற்று, இந்நாளில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாய் விளங்குவதைப் பலரும் அறிவர். வங்கம் முதலிய வடகீழ்நாடுகளிலிருந்து நோயாளரோடு வருவார் பலர், மருத்துவமனையைச் சூழ்ந்த தெருக்களில் அறையெடுத்துத் தங்கி, வாடகைக்குப் பெற்ற அடுப்பிலும் கலங்களிலும் தாமே சமைத்து உண்பர். யாம் தங்கிய விடுதியின் அடுத்த அறையில் வங்கத்து முதியவர் ஒருவர் இருந்தார். அவர் மனைவியார் மருத்துவமனையில் கிடந்தார். வாயால் உண்ணும் நிலையில் இலர். ஆயினும் முதியவர் இருபொழுதும் அடுப்பு மூட்டி, சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஒரு காயும் ஆக்கி, தட்டிலிட்டு, அமர்ந்து உண்பார். “உமக்கு ஒருவர்க்குத்தானே, கடையில் வாங்கலாமே” என்றோம். அறிந்த சில இந்திச் சொற்களாலும் கைக்குறியாலும் அவர் கூறிய விடை இது: இன்று தாம் வீழ்ந்தால் நாளை அவளுக்கு யார் உளர்?

அவ்விடை கேட்டபொழுது எமக்குத் திலகவதியார் நினைவு வந்தது. பெற்றோரை இழந்து, மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போரிற் பட்டதும் கேட்டு, உயிர் துறக்கத் துணிந்த அவ்வம்மையார், தம்பியாராகிய மருணீக்கியாரின் பொருட்டு உயிர் தாங்கினார் எனச் சேக்கிழார் பெருமான் கூறுவர். அவர் அன்று உண்ட ஒவ்வொரு கவளமும் தமக்காக உண்டதன்று. பின்னர்த் தம்பியாரும் பிரிந்து பாடலிபுத்திரம் சென்று சமணம் சார்ந்தார். அப்பொழுது திலகவதியார்க்கு உலகியலில் ஒருவரும் இலர். நம் அம்மையார் கூறிய சொற்படி, “ஒருத்திதானே” என்னும் நிலையே. அந்நிலையிலும் அவர் திருவதிகை சேர்ந்து, வீரட்டானத்தில் அலகிடலும் மெழுகிடலும் மாலைதொடுத்தலும் ஆகிய பணிகளை வழுவாது செய்து வாழ்ந்தார். சூலைநோயோடு தம்பியார் மீண்டு வந்த இரவில் திருநீறு அளிக்க அங்கே ஒரு கை இருந்தது. அக்கை அதுகாறும் உண்டு உரம்பெற்று இருந்தமையாலன்றோ நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார்? ஒருவர் உடலைப் பேணிக் காத்திருத்தல் யார்க்கு, எந்நாள் பயன்படும் என்பதை அவர் அறியார், இறைவனே அறிவான்.

அங்ஙனமாயின், காத்திருக்கத் தக்க உறவு ஒன்றும் இல்லாதார்க்கு இவ்விடை பொருந்துமோ எனின், சித்தாந்தத்தின் உயிர்நிலையான விடை ஈண்டே உளது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது; ஒன்றனைச் சாராது தனித்து நிற்றல் அதற்கு ஒருகாலும் இல்லை. பாசத்தைச் சார்ந்து நிற்கும் பொழுதும், சிவத்தைச் சார்ந்து நிற்கும் பொழுதும், இறைவன் அதனோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கின்றான். ஆகவே, “ஒருத்திதானே” என்னும் சொல் உலகவழக்கில் மெய்; மெய்ந்நூல் வழக்கில் பொய். எந்த இல்லத்தும் உண்பார் இருவர்: ஊட்டுவிப்பவன் ஒருவன், அவன் ஊட்ட உண்ணும் உயிர் ஒன்று. பூசையுடையார் அமுதாக்கி அவன் திருமுன் வைத்து நிவேதித்துப் பின் உண்டல் இவ்வுண்மையை நாடோறும் நினைவுறுத்தற்கே. அவனுக்குப் பசியில்லை, நமக்கு நினைவில்லை, நிவேதனம் இரண்டாவதன்பொருட்டே அமைந்தது. கற்கண்டு இரண்டு வைத்தலும் நிவேதனமே என்பதை மறுத்திலேம். ஆற்றாதார்க்கு அதுவும் அமையும். ஆற்றலிருந்தும் அடுப்பை அடைத்துவிட்டுக் கற்கண்டு வைத்த எமக்கு அது நிவேதனம் ஆகாது, சாக்குப்போக்கு ஆயிற்று.

இதுகாறும் கூறியவாற்றான் உலையேற்றல் அறமே என்பது பெறப்பட்டது. இனி யாது ஆக்குவது, எவ்வளவு ஆக்குவது என்பதனைச் சிறிது கூறுதும். அளவும் முறையும் கூறாத அறவுரை பசித்தார்க்குப் பயன்படாது.

வள்ளுவர் மருந்ததிகாரத்தில் மருந்துப்பெயர் ஒன்றும் கூறாது, முன்னுண்டது அற்றமை தெளிந்து, ஒத்ததனை, அளவறிந்து உண்க என்றே பலவாற்றானும் வற்புறுத்தினார். இந்நாளைய மருத்துவநூலார் கூறுவதும் அதனின் விலகியதன்று. ஒருவர் ஒருநாளில் கொள்ளும் உப்பு எல்லாம் சேர 5 கிராமுக்குக் குறைந்திருத்தல் வேண்டும், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. காயும் கனியும் சேர நாளொன்றுக்கு 400 கிராமேனும் வேண்டும் என்பதும் அந்நிறுவனம் கூறுவதே. சோறும் ஊறுகாயும் அப்பளமும் என்னும் எம் பழைய உணவில் முதலாவது எல்லை மீறியது. இரண்டாவது அறவே இல்லை. அரிசியை மிகத் தீட்டினால் தவிட்டோடு அதன் உயிர்ச்சத்து நீங்கும் என்பதும் நம் நாட்டார் கவனிக்கற்பாலது. அவ்வுயிர்ச்சத்தின் குறைவால் வரும் பெரிபெரி என்னும் நோயை ஆராய, 1918-இல் நம் குன்னூரில் மக்கரிசன் என்பார் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக்கூடமே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக உளது.

தனித்தார் அடுப்புக்கு ஒரு கலமே அமையும். ஓர் ஆழாக்கு அரிசி இருபொழுதுக்குப் போதும். குக்கர் என்னும் கலத்தின் அடியில் அரிசியும், மேற்கிண்ணத்தில் முன்னிரவே ஊறவைத்த பருப்போ பயறோ ஒரு பிடியும், அதன்மேற் கிண்ணத்தில் நறுக்கிய காயும் வைத்தால் மூன்றும் ஒருங்கே வேகும். அரைமணி நேரத்தில் பணி முடியும். சவ்வாது மலையில் விளையும் சாமையைப் பாசிப்பருப்போடும் கீரையோடும் மிளகு சீரகம் இட்டுப் பொங்கினால் அஃதொன்றே சோறும் குழம்பும் கறியும் ஆம். இலவம்பாடிப் பக்கத்து முள்ளுக்கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை எண்ணெயில் மிதக்க விடாது, வேகவைத்துப் புளி சிறிது கூட்டிக் கடைந்தால் உப்பு மிகுதியும் வேண்டா. எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்துமல்லி என்பன உப்பின் குறையை நாவுக்குத் தோன்றாது மறைக்கும். இந்நாட்டு வேனிலில் வெப்பம் 40 பாகையைக் கடத்தலின், ஆக்கிய சோற்றைப் பொழுதெல்லாம் வெளியே வைத்திருத்தல் தீது. ஆறியவுடன் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுமுறை நன்கு சூடாக்கி உண்க. நீரிழிவும் சிறுநீரக நோயும் உடையார் தமக்குரிய பத்தியத்தை மருத்துவர்பாற் கேட்டே கொள்க.

உப்பைப்பற்றி இன்னும் ஒன்று. பச்சைத்தோல் பதனிடும் இடம் சேருமுன் அழுகாதிருக்க அதன்மேல் உப்பைப் பரப்புவர். செத்த தோலை உப்புக் காக்கும். உயிருள்ள தோற்பையை அதே உப்பு மிக்கால் அழிக்கும். அவ்வுப்பும் பிற கழிபொருளும் பாலாற்றுப்படுகையிலும் கிணறுகளிலும் சேர்ந்து நீரைக் கெடுத்த வரலாறு நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தார் தொடுத்த வழக்கில், மாசு செய்தாரே அதன் இழப்பையும் ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை உச்சநீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. ஆதலின், இப்பகுதியில் ஒருவர் உடல்நலம் முழுதும் அவர் அடுக்களைக்குள்ளேயே அடங்கியதெனல் பொருந்தாது. தம் உலையிற் பெய்யும் நீர் தூயதாயிருத்தல் உலையேற்றுவார் ஒருவரால் மட்டும் ஆவதன்று. தொழில் நடத்துவார்க்கும் நாடாள்வார்க்கும் அது கடன். பொழுது விடியுமுன் எழுந்து, தொழிற்சாலை வண்டியேறி, இருட்டியபின் மீளும் பெண்டிரை நோக்கி, “நீவிர் கீரை ஆய்ந்து உண்ணாமை குற்றம்” என்பார் அறத்தின் பாதியையே அறிந்தவர். முதல்நாள் யாம் அவ்வம்மையார்க்குக் கூறிய விடையும் அத்தகைய பாதி விடையே. களைத்தார் ஒருநாள் அடுப்பு மூட்டாமை களைப்பு; அதனைக் குற்றமென்னற்க. ஆற்றலுள்ள நாளிலும் தம்மை ஒரு பொருளாக எண்ணாது விடுத்தலே ஈண்டு யாம் விலக்கியது.

மருத்துவமனையிலிருந்து மீண்டபின் வந்த ஞாயிற்றுக்கிழமை, அவ்வம்மையார் முன்னிலையில், “அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லாமல் இருந்தது அம்மா, இன்று கீரைக்கூட்டும் சோறும் நிவேதனம் செய்தேன்” என்றோம். அவர் நகைத்து, “கீரைக்கட்டு ஒரு ஆளுக்கு அதிகமாயிற்றே ஐயா, மிச்சத்தை என்ன செய்தீர்கள்?” என்றார். மிச்சம் வாடிக்கிடந்தது, எடுத்து வந்து அளித்தோம். அன்று தொட்டு வழக்கமாகிவிட்டது. கீரை விற்கும் பாட்டியிடம் ஒருநாள் யாம் வாங்குவோம், ஒருநாள் அவர் வாங்குவார். பாதி அவ்வீட்டுக்கு, பாதி இவ்வீட்டுக்கு.

சந்தையிற் கீரையை ஒருவர்க்கென அளந்து கட்டுவார் இலர். ஒருவர்க்கு ஏற்றிய உலையும் அத்தன்மைத்தே. ஏற்றியபின் அது ஒருவர்க்கென நில்லாது. வழிபாட்டுக்கு ஓர் இலை, ஆவிற்குச் சிறிது புல், உண்ணும்பொழுது பிறர்க்குச் சிறிது சோறு என எளியார்க்கும் இயலும் அறம் வகுத்த திருமூலர் நெறி, பெருஞ்செல்வர் மடைப்பள்ளியினும் தனித்தார் அடுப்பிலேயே தடையின்றி நடைபெறும். ஆகவே, தனித்து வாழும் அன்பர்காள், கைவல்ல நாளெல்லாம் உலையேற்றுக, அளவறிந்து ஆக்குக, அவன் திருமுன் வைத்து, இயன்றதைப் பகுத்து, எஞ்சியதை அமர்ந்து உண்க. ஒருவர்தாமே என்னும் சொல்லை அடுப்பங்கரையில் மொழியற்க.

திருச்சிற்றம்பலம்.